வாயைப் பிடித்துக்கொண்டு பார்த்த கடல்

இலங்கையில் யுத்தம் முடிந்து ஆறேழு வருடங்கள் ஆகியிருக்கும். ஏப்ரல் மாதக் கடைசி. கற்பிட்டிப் பக்கம் ஆலங்குடாக் கடற்கரை. வெயில் ஏறுவதற்கு முன்பே, அங்கே ஓர் ஓலைக் கொட்டிலுக்குள் வைத்து என்னை ஒரு கறுப்பு ரப்பர் உடுப்புக்குள் திணிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. உள்ளே போக வேண்டியவன் நான் ஒருவன். திணிப்பதற்கு இரண்டு பேர். கால்கள் எப்படியோ போய்விட்டன. வயிற்றுக்கு வந்ததும் வேலை நின்றுவிட்டது.

"அத்தான், வயித்த உள்ளுக்கு இழுங்க," என்றான் மச்சான்.

"இழுத்துத்தான்டா இருக்கு."

"இதுவா இழுத்தது?"

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. ஸ்கூபா டைவிங் என்று வெள்ளைக்காரர்களைக் கடலுக்குள் இறக்கிப் பவளப்பாறை காட்டும் இடமொன்றில் படகோட்டியாக இருந்தான், தான் ஒருநாளும் கீழே இறங்கியதில்லை. மற்றவர் அந்த இடத்தின் பயிற்சிக்காரர். கற்பிட்டி முஸ்லிம் மனுசன், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். உடம்பில் ஓர் அவுன்ஸ் கொழுப்புக் கிடையாது. அப்படிப்பட்டவர்களை எனக்கு எப்போதுமே பிடிப்பதில்லை.

நான் யார், அங்கே எனக்கு என்ன வேலை என்று சொல்ல வேண்டும். பகலில் ஒரு கந்தோரில் கிளார்க்காகக் கதிரை தேய்க்கிறேன். மற்ற நேரங்களில் சிலாபம் பக்கத்து பாண்ட் குழுவொன்றில் ட்ரம்பெட் ஊதுகிறேன். மாதா கோயில் திருநாள், கலியாணம், செத்தவீடு என்று எல்லாவற்றுக்கும் போவோம். மாப்பிள்ளைக்கும் பிரேதத்துக்கும் ஒரே கன்னத்தால்தான் ஊதுவது. ஊதாத நேரத்தில் கதைப்பேன். கதைப்பதற்கு ஆள் கிடைக்காவிட்டால் அங்கேயும் இங்கேயும் நடப்பேன். ஓரிடத்தில் ஐந்து நிமிடம் சும்மா இருப்பது எனக்கு ஒரு நோய் மாதிரி. கோயிலில் பிரசங்கம் நடக்கும்போது நான் எத்தனை தரம் வெளியே போய் வருகிறேன் என்று சுவாமியாரே ஒருநாள் கேட்டுவிட்டார்.

கடலுக்கடியைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் ஆசை வந்ததில்லை. ஆசைப்பட்டது என் மனைவி.

அவள் கற்பிட்டிப் பக்கத்து எத்தாளைக்காரி. தகப்பன், தகப்பனின் சகோதரங்கள், தம்பி எல்லோரும் கடல் தொழில். பிறந்த வீட்டு வாசலில் இருந்து கல்லெறிந்தால் தண்ணீரில் விழும். ஆனால் அவள் ஒருநாளும் படகில் ஏறியதில்லை. பொம்பிளை கால் வைத்தால் அந்தப் படகுக்கு மீன் படாது என்று அங்கே ஒரு கதை. வலையைக்கூடத் தாண்டி நடக்கக் கூடாது, சுற்றிக்கொண்டு போக வேண்டும். வருகிற மீனை அரிவது, உப்புப் போடுவது, காய வைப்பது, விற்பது எல்லாம் பொம்பிளைகள். மீன் எங்கேயிருந்து வருகிறது என்று பார்ப்பது மட்டும் ஆம்பிளைகள்.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். மச்சான் தொழிலை விட்டுவிட்டு டைவிங் படகு ஓட்டப் போனான். அந்தப் படகில் தினமும் வெள்ளைக்காரப் பெண்கள் ஏறி இறங்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தவனிடம் என் மனைவி கறிச்சட்டியோடு நின்றபடியே கேட்டாள்.

"அவளுகள் ஏறலாம். நான் ஏறினா மட்டும் உன்ட போட்டுக்கு என்னடா நடக்கும்?"

"அக்கா, அது மீன் புடிக்கிற போட் இல்ல."

"அப்ப நான் ஏறலாம்தானே?"

மச்சானுக்குத் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது விளங்கிவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஒரு வழி கிடைத்த மாதிரி முகம் மலர்ந்தது.

"சரி அக்கா. அத்தான் வந்தா உன்னயும் ஏத்துறன். ரெண்டு பேரும் ஒண்டா தண்ணிக்குள்ள எறங்கணும். அத்தான் இல்லாம உன்னத் தனியக் கூட்டிட்டுப் போனா ஊர்ல என்னக் கொல்லுவாங்க."

நான் மாட்டேன் என்று சொல்வேன் என்பது அவனுடைய கணக்கு. சரியான கணக்குத்தான். நான் மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கறிச்சட்டிக்குள் அகப்பையை விட்டு, இல்லாத மீன் துண்டொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். என் பதில் என்னவென்று அவளுக்கும் தெரிந்திருந்தது போல.

"ஏன், எனக்கு வந்தா என்ன?" என்று என் வாய் சொல்லிவிட்டது. என் வாய் எப்போதுமே என்னைக் கேட்டுவிட்டுப் பேசுவதில்லை.

முதல் தடவை போனபோது காற்று. அரைவாசியில் திரும்பி வந்தோம். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். இரண்டாவது நாள்தான் இது. சோளகக் காற்று தொடங்கப் போகிறது, இந்த வாரத்தோடு படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள். அடுத்த சீசனுக்கு மச்சான் ஊரில் இல்லை, கட்டாருக்கு டிரைவர் வேலைக்கு விசா வந்துவிட்டது. அவன் இல்லாமல் இவளை வேறு எவனும் படகில் ஏற்றப் போவதில்லை. ஆகவே இன்று இல்லாவிட்டால் என்றைக்குமே இல்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். முந்தின இரவு முழுக்க நித்திரை இல்லை.

ஒரு மாதிரி என்னை உடுப்புக்குள் அடைத்து முடித்தார்கள். அடுத்த கொட்டிலுக்குள் இருந்து மனைவி வந்தாள். ரப்பர் உடுப்புக்கு மேலே மகனுடைய பெரிய ரீ-சேர்ட் ஒன்றைப் போட்டிருந்தாள். முழங்கால் வரைக்கும் தொங்கியது. பகிடி விடலாம் என்று பார்த்தேன். பிறகு என்னுடைய வயிற்றைக் குனிந்து பார்த்தேன். விட்டுவிட்டேன்.

பயிற்சிக்காரர் எங்கள் இருவரையும் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி வைத்துப் பாடம் எடுத்தார்.

"அண்ணன், அக்கா, ரெண்டு விசயம்தான். நல்லாக் கேளுங்க. ஒண்டு, மூச்சப் புடிச்சி வைக்கப் படாது. என்ன நடந்தாலும் இழுக்கணும், உடணும். மூச்சப் புடிச்சிக்கிட்டு மேல பாஞ்சீங்கண்டா நெஞ்சுக்குள்ள காத்து ஊதிப் பெருத்துரும். மவுத்தாப் போவீங்க."

"தம்பி, மூச்சைப் பற்றி எனக்குப் படிப்பிக்க வேணாம்," என்றேன். "நான் ஊதுற ஆள். ஒரு மூச்சில ஒரு பாட்டுப் பாதி போவன்."

"இங்க ஊத வேணாம் அண்ணன். சும்மா மூச்சு உட்டாப் போதும்."

மச்சான் படகில் இருந்து பலமாகச் சிரித்தான்.

"ரெண்டாவது," என்றார் பயிற்சிக்காரர். "நான் ஒராள். ரெண்டு பேரையும் ரெண்டு கையில புடிச்சிக்கிட்டுத்தான் போவேன். ஒராள் மேல போகணுமெண்டா மத்த ஆளும் மேலதான். கீழ யாரையும் தனிய உட மாட்டேன். ஏறின பொறகு திருப்பி எறக்கவும் மாட்டேன். வெளங்குச்சா?"

விளங்கியது. மனைவி என்னைப் பார்த்தாள். "உங்களால ஏலுமா?" என்று கேட்கவில்லை. இருபத்திச்சொச்ச வருடம் குடும்பம் நடத்தியதில், கேட்காமலே கேட்பதற்கு அவளுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

பெருவிரலை மேலே காட்டினால் மேலே போவோம். விரல்களை வட்டமாகப் பிடித்தால் எல்லாம் சரி. சைகை அவ்வளவுதான். வாயில் கவ்விக்கொள்ள ஒரு ரப்பர் துண்டு. அதன் வழியாகத்தான் முதுகில் இருக்கிற சிலிண்டரின் காற்று வரும். அதைக் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் தலையை வைத்துப் பார்த்தோம். காற்று வந்தது. இடைக்கிடையே கொஞ்சம் உப்புத் தண்ணீரும் வந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் வருமாக்கும் என்று நினைத்துக்கொண்டு விழுங்கினேன். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் பற்றி வாய் ஓயாமல் கதைக்கிறவன், சொல்ல வேண்டிய அந்த ஒரு விசயத்தைச் சொல்லவில்லை.

படகு புறப்பட்டது. நான் கதைக்கத் தொடங்கினேன். சுறா வருமா என்று கேட்டேன். வந்தால் முதலில் யாரைக் கடிக்கும் என்று கேட்டேன். "சதை கூடின ஆளத்தான்," என்றான் மச்சான். இடுப்பில் கட்டிய ஈயக் கட்டிகளில் எனக்கு மட்டும் ஏன் இரண்டு கூட என்று கேட்டேன். "கொழுப்பு மெதக்கும் அண்ணன்," என்றார் பயிற்சிக்காரர், மரியாதையாக. மாஸ்க்கைக் கழற்றினேன், போட்டேன், கழற்றினேன். காற்றின் அளவு காட்டும் வட்டத்தை எடுத்து எடுத்துப் பார்த்தேன். இன்னும் தண்ணீரில் இறங்கவே இல்லை, அதற்குள் காற்று முடிந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

மனைவி படகின் முன்பக்கத்தில் முதுகை நிமிர்த்திக்கொண்டு இருந்தாள். தூரத்துக் கரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். கதைக்கவும் இல்லை. நான் கதைக்கிற இடத்தில் மற்றவர்களுக்குக் கதைக்க இடம் கிடைப்பதும் குறைவுதான்.

இடம் வந்ததும் நங்கூரம் போட்டார்கள். படகு விளிம்பில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து, அப்படியே பின்பக்கமாக விழ வேண்டும். நாற்பத்தெட்டு வயது மனுசன் செய்கிற வேலையா இது? மனைவி மாஸ்க்கை ஒரு கையால் பிடித்தாள், சிலுவை போட்டாள், விழுந்தாள். ஒரு சத்தம் கேட்டது. ஆளைக் காணவில்லை. பிறகு தலை வந்தது.

"அத்தான், உங்கட முறை," என்றான் மச்சான்.

"பொறடா, காலில ஏதோ..."

மச்சான் என் தோளில் ஒரு விரலை வைத்தான். ஒரு விரல்தான். நான் போய்விட்டேன்.

நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி இறங்கினோம். பயிற்சிக்காரர் நடுவில், அவருடைய ஒரு கையில் நான், மறு கையில் மனைவி. காது அடைத்தபோது மூக்கைப் பிடித்து ஊதச் சொல்லியிருந்தார்கள். அதில் நான் கெட்டிக்காரன். நன்றாக ஊதினேன், காது படார் என்று திறந்தது. பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ஓர் ஆள் உயரத்துக்கு நிலைத்தது.

அதற்குக் கீழே சத்தமே இல்லை. எனக்குச் சத்தம் இல்லாத இடம் ஒத்துவராது. என்னுடைய மூச்சுச் சத்தம் மட்டும் ஓட்டை விழுந்த ஹார்மோனியம் மாதிரிக் கேட்டது. பகிடி ஒன்று சொல்லி அந்த அமைதியைக் கலைக்கலாம் என்றால் வாயில் ரப்பர். எழும்பி நடக்கலாம் என்றால் நடக்க நிலம் இல்லை. பயம் வந்தால் நான் செய்கிற வேலை இரண்டும் அங்கே முடியாது. மேலே பார்த்தேன். படகின் அடிப்பக்கம் ஒரு கறுப்பு வெள்ளரிக்காய் மாதிரித் தெரிந்தது. மூச்சு வேகமானது. ஒரு மூச்சை அவசரமாக, பெரிதாக இழுத்தேன்.

வாய் நிறையக் கடல் வந்தது.

இருமினேன். இருமி முடியவும் இன்னொரு மூச்சை அவசரமாக இழுத்தேன். திரும்பவும் தண்ணீர். தொண்டைக்குள் போய்விட்டது. கண் இருட்டியது. வாயில் இருக்கிற சனியனைத் துப்பிவிட்டு மேலே பாய வேண்டும், இது ஒன்றுதான் தலைக்குள் இருந்தது. கையை உதறினேன். காலால் பயிற்சிக்காரருடைய வயிற்றில் உதைத்தேன் என்று பிறகு சொன்னார்கள். அந்த மனுசன் என்னை விடவில்லை. மனைவியின் கையைத் தன் முழங்கைக்குள் கொழுவிக்கொண்டு, மற்ற உள்ளங்கையை என் வாய்மேல் வைத்து அந்த ரப்பரை அமத்திப் பிடித்தார். துப்பவும் முடியவில்லை. அவருடைய கண் என் கண்ணுக்கு நேரே இருந்தது. இருமுங்கள், அதற்குள்ளேயே இருமுங்கள் என்று தலையை ஆட்டிக் காட்டினார்.

இருமினேன். குமிழிகள் போயின. கொஞ்சம் காற்று வந்தது. உயிர் இருக்கிறது என்று தெரிந்தது. அவர் பெருவிரலை மேலே காட்டிப் புருவத்தை உயர்த்தினார். மேலே போவோமா என்ற கேள்வி.

என் பெருவிரல் ஏற்கெனவே பாதி மேலே வந்திருந்தது.

அப்போதுதான் மனைவியைக் கண்டேன். இந்த இழுபறியில் அவளும் திரும்பியிருந்தாள். என் விரலைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, வேண்டாம் என்று தலையாட்டவில்லை. கீழே பாறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு கயிற்றை எட்டிப் பிடித்து, மேலே ஏறுவதற்காக உடம்பைத் திருப்பினாள்.

அந்த அசைவு எனக்குத் தெரியும். கலியாண வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது எனக்கு இருப்புக் கொள்ளாது. "போவமா?" என்பேன். அவளுடைய தட்டில் பாதிச் சோறு கிடக்கும். கையைக் கழுவ எழும்புவாள். அதே அசைவு. இங்கே சோறு பரிமாறக்கூடத் தொடங்கவில்லை, அதற்குள் எழும்பிவிட்டாள்.

நான் விரலை மடக்கினேன்.

மடக்கிவிட்டேனே தவிர, மூச்சு இன்னும் சரியில்லை. ஒரு மூச்சுக்கு ஒரு வாய் உப்பு. பயிற்சிக்காரர் ரப்பரைத் தொட்டுப் பார்த்தார். அதில் ஒரு பிழையும் இல்லை. பிழை எங்கே என்று எனக்கு அப்போது பிடிபட்டது. பிழை என் வாயில்.

ட்ரம்பெட் ஊதுகிறவர்கள் பாட்டுக்கு நடுவில் உதட்டை எடுத்து மூச்சு வாங்க முடியாது. எடுத்தால் சுரம் குலைந்துவிடும். உதடு இருந்த இடத்திலேயே இருக்க, வாயின் இரண்டு ஓரங்களையும் ஒரு கணம் திறந்து, அந்த இடைவெளியால் லபக்கென்று காற்றை இழுத்துக்கொள்வோம். பதின்மூன்று, பதினாலு வயதில் பாண்ட் மாஸ்டர் தலையில் குட்டிக் குட்டிப் பழக்கியது. இப்போது நான் நினைத்தாலும் நிற்காது. ஆறுதலாக மூச்சு விடும்போது பிரச்சினை இல்லை. அவசரம் வந்தால் வாய் ஓரங்கள் தாமாகவே திறக்கும். திருநாள் ஊர்வலத்தில் அது திறந்தால் காற்று வரும். கற்பிட்டிக் கடலுக்குள் திறந்தால் என்ன வரும்? காலையில் அந்த இடுப்பளவு தண்ணீரில் விழுங்கியதும் இதைத்தான். ஒரு மூச்சில் பாதிப் பாட்டு என்று பெருமை பேசிய அதே வாய்தான் என்னைக் கொல்லப் பார்த்தது.

என்ன செய்வது? அந்த வயதில், அந்த இடத்தில், வாய்க்குப் புதுப் பழக்கம் படிப்பிக்க நேரமில்லை. இடது கையைத் தூக்கினேன். பெருவிரலால் ஒரு பக்கத்து வாயோரத்தையும், நடுவிரலால் மற்றப் பக்கத்தையும் ரப்பரோடு சேர்த்து அமத்திப் பிடித்தேன். இழுத்தேன். காற்று. வெறும் காற்று. இன்னொரு தரம் இழுத்தேன். திரும்பவும் காற்று.

பயிற்சிக்காரர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். இத்தனை வருடத்தில் எத்தனையோ விதமான பயந்தாங்கொள்ளிகளைக் கண்டிருப்பார். தன் வாயைத் தானே பொத்திப் பிடிக்கிறவனை அன்றுதான் கண்டிருக்க வேண்டும். கையால் வட்டம் காட்டிக் கேட்டார். நான் வலது கையால் வட்டம் காட்டினேன். அவர் நம்பவில்லை. திரும்பக் கேட்டார். திரும்பவும் காட்டினேன். வட்டம் கொஞ்சம் கோணல், ஆனாலும் வட்டம்தான்.

கீழே போனோம். ஒரு தென்னை உயரமும் இராது. வெள்ளை மணல். அதற்கு அங்கால் பாறை. எங்களை மணலில் முழங்காலில் இருத்தினார்.

பாறையைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். நான் அதிகம் பார்க்கவில்லை. ஒரு கை வாயில், மறு கை மணலில், கண் அடிக்கடி காற்றின் அளவு காட்டும் வட்டத்தில். ஊசி கீழே வரும் ஒவ்வொரு கோட்டுக்கும் மனதுக்குள் ஒரு 'மாதாவே'. எப்போது முடியும், எப்போது முடியும் என்று கால் விரல்களை எல்லாம் அசைத்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்தது அவளைத்தான்.

அவளுக்கு முன்னால் ஒரு கூட்டம் மீன் வந்தது. முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தலையைச் சரித்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, ஒரு கைவிரலை மறு கையால் குத்திக் காட்டிக் கையை உதறினாள். எனக்கு விளங்கிவிட்டது. ஓரா மீன். அதன் முள் குத்தினால் கை விறைக்கும். எங்கள் குசினியில் எத்தனை தரம் அவளுக்குக் குத்தியிருக்கிறது, கையைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு என்னை ஏசியிருக்கிறாள். சந்தையில் இருந்து வருகிற ஓரா வெளிறிப் போய், சாக்குத் துணி நிறத்தில் இருக்கும். இங்கே அதே மீன் மஞ்சளும் நீலமுமாகப் பாறையில் பாசி கொறித்துக்கொண்டிருந்தது. பின்னால் விளைமீன் ஒன்று வந்தது. அதையும் அவளுக்குத் தெரியும். கலவாய் ஒன்று பொந்துக்குள் இருந்து தலையை நீட்டியது. ஒவ்வொன்றையும் எனக்குச் சுட்டிக் காட்டிக் காட்டி, செதில் உரிக்கிற மாதிரியும், துண்டு போடுகிற மாதிரியும் கையால் நடித்துக் காட்டினாள். பிறகு அந்தக் கையைச் சட்டென்று மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். மீன்களுக்கு முன்னால் அப்படிச் செய்தது மரியாதை இல்லை என்று பட்டிருக்கலாம்.

அவள் சிரிக்கிறாள் என்று குமிழிகளில் தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாது. வாய் என் கையில் இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு ஒரு முழுத் திருநாள் பூசை. அவளுக்கு ஒரு கணம். பயிற்சிக்காரர் பெருவிரலைக் காட்டியபோது அவள் இன்னும் கொஞ்சம் என்று கையால் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் வட்டம் காட்டினேன். இன்றைக்கும் என்னால் நம்ப முடியாத வட்டம் அது.

மேலே வந்து தலை வெளிப்பட்டதும், படகில் இருந்து மச்சான் எட்டிப் பார்த்தான். நான் இன்னும் வாயை விடவில்லை. விரல்கள் மரத்துப்போய் விட வரவில்லை.

"என்னத்தான், பல்லு வலியா?"

பயிற்சிக்காரர் நடந்ததைச் சொன்னார். மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, இவ்வளவு காலமும் நீ செய்திருக்க வேண்டிய வேலைய அத்தானே செய்திட்டார்!"

வழக்கமாக இதற்கு நான் நாலு பதில் வைத்திருப்பேன். அன்று தொண்டை உப்பில் எரிந்தது. படகின் ஒரு மூலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு நடுங்கியபடி இருந்தேன். அந்த இடைவெளியில் என் மனைவி கதைக்கத் தொடங்கினாள்.

"இஞ்ச பாரு. நீ சின்ன வயசில இருந்து இதுக்கு மேலால போய் வாறாய். கீழ என்ன இருக்கெண்டு தெரியுமாடா உனக்கு?"

"தெரியும். வலை கிழிக்கிற கல்லு."

"கல்லாம் கல்லு! அப்பாவும் இதத்தான் சொன்னவர். நான் சின்னப் பிள்ளையில கேட்டனான், கடலுக்குக் கீழ என்ன அப்பா இருக்கெண்டு. மணலும் கல்லும்தான் பிள்ள, வேற என்ன இருக்கும் எண்டார். பாவம், அவருக்கும் தெரியாது. தண்ணிக்குள்ள ஓரா என்ன நிறமெண்டு தெரியாமலே அந்த மனுசன் செத்துப்போனார்டா."

மச்சானுடைய சிரிப்பு நின்றது. எஞ்சினைக் கொஞ்சம் மெதுவாக்கினான். "என்ன நிறம் அக்கா?" என்று கேட்டான்.

அவள் சொன்னாள். ஓராவின் நிறத்தைச் சொன்னாள், கலவாய் கண்ணை உருட்டிப் பார்த்ததைச் சொன்னாள், மணலில் வெளிச்சம் வலை மாதிரி ஆடியதைச் சொன்னாள். கரை வரும்வரைக்கும் சொன்னாள். கலியாணம் கட்டிய நாளில் இருந்து அவள் ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. கதைக்கத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றாகவே கதைக்கத் தெரியும். என்னைவிட நன்றாக. நடுவில் இரண்டு இடத்தில் எனக்கு அருமையான பகிடி வந்தது. விழுங்கினேன். காலை முழுக்கக் கடலையே விழுங்கினவனுக்கு இது பெரிய விசயமா?

மச்சான் கட்டாருக்குப் போய்விட்டான். அவள் பிறகு கடலுக்குள் இறங்கவில்லை, நானும்தான். இறங்கச் சொன்னால் முதல் ஆளாக ஓடுவேன், எதிர்ப்பக்கமாக. ட்ரம்பெட் இன்னும் ஊதுகிறேன், வாயோரத்தால்தான் மூச்சு வாங்குகிறேன், அந்தப் பழக்கம் என்னோடு சவப்பெட்டிக்குள் போகும்.

ஆனால் கலியாண வீடுகளில் "போவமா?" என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டேன், கதிரைக்குக் கீழே கால் இரண்டும் ஆடிக்கொண்டிருக்க, அவள் கடைசிப் பிடி சோற்றையும் ஆறுதலாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை இருக்கிறேன், அது எனக்குக் கடலுக்கடியில் இருந்ததைவிடக் கஷ்டம்தான் என்றாலும்.